ட்ரெயின் பிளக் வாஷரை மாற்றும் முறை: மலைப்பகுதியில் கார் வைத்திருப்போருக்கு

என்ஜின் ஆயில் மாற்றும் நாளில் ஆயிலையும் ஃபில்டரையும் தவறாமல் வாங்கிவிடுகிறோம். ஆயில் சேம்பரின் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகான ட்ரெயின் பிளக்குக்கு உரிய வாஷரை மட்டும் கடைக்காரர் நினைவூட்டினால்தான் வாங்குகிறோம். கோத்தகிரியில் என் பழைய காருக்கு ஒரே வாஷரை மூன்று முறை போட்டவன் நான். மூன்றாம் முறை சொட்டத் தொடங்கியது. சொட்டை நிறுத்துவதற்காக மேலும் மேலும் இறுக்கியதில் சேம்பரின் மரை போய், சேம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த வாஷர் பெரும்பாலும் செம்பால் அல்லது அலுமினியத்தால் ஆனது. மென்மையான உலோகம் என்பதால், பிளக்கை இறுக்கும்போது அது நசுங்கி, பிளக்கின் முகத்திலும் சேம்பரின் முகத்திலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களை நிரப்புகிறது. ஆயில் கசியாமல் காப்பது இந்த நசுங்கல்தான். மரை பிளக்கைப் பிடித்துக்கொள்கிறதே தவிர, ஆயிலை அடைப்பதில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப் போய்விடுவதால், அடுத்த முறை அதே அளவு இறுக்கினாலும் புதிய கீறல்களுக்குள் அது இறங்காது. செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து மறுபடியும் மென்மையாக்கும் பழைய மெக்கானிக்குகள் உண்டு. அது சரியான முறையே என்றாலும், முதன்முறை செய்பவர் புதிய வாஷரையே வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது காரின் மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். பல சிறிய கார்களில் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் என்றாலும் எல்லாக் கார்களிலும் அப்படியில்லை. சிலவற்றில் ஃபைபர் அல்லது ரப்பர் சேர்ந்த வாஷர் இருக்கும். வேறு சிலவற்றில் வாஷர் பிளக்கோடு சேர்ந்தே வருவதால் பிளக்கையே மாற்ற வேண்டும். எந்த வகை இருந்ததோ அதே வகையைத்தான் போட வேண்டும்.

நீலகிரியில் இந்த வேலையின் கடினமான பகுதி சமதளம் தேடுவதுதான். வீட்டு வாசலே சரிவாக இருக்கும் ஊரில், ஜாக்கியில் ஏற்றிய காரை நம்பி அடியில் படுக்கக்கூடாது. சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. தூக்கிய நிலையில், பிளக் இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பழைய ஆயிலில் ஒரு பங்கு சேம்பரிலேயே தங்கிவிடும்.

உறைபனி விழும் ஜனவரிக் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும் என்பதால் என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குன்னூர் வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் அகன்ற பாத்திரத்தை வைத்து, பிளக்கின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது திசை குழம்பும். பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக எண்ணித் திசையைத் தீர்மானியுங்கள். தளர்ந்ததும், கையுறை அணிந்த விரல்களால் பிளக்கை உள்நோக்கி அழுத்தியபடியே சுழற்றி, கடைசி மரை விட்டவுடன் சட்டென்று விலக்கிக்கொள்ளுங்கள்.

ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறைந்த பின் பழைய வாஷரைத் தேடுங்கள். பிளக்கில் இல்லையென்றால் அது சேம்பரின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நசுங்கிய வாஷர் சேம்பரின் ஒரு பகுதி போலவே தோன்றும் என்பதால் விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். அதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷருக்கும் இடையே கசியும். நகத்தால் நெம்பி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சேம்பரின் முகத்தில் பள்ளம் விழும்.

இரு முகங்களையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, புதிய வாஷரைப் பிளக்கில் கோத்து, ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே முழுவதும் ஏற்றுங்கள். நடுவில் முரண்டினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். இறுதி இறுக்கத்தின் அளவு காரின் கையேட்டில் இருக்கும்; பல சிறிய கார்களுக்கு அது 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், குட்டையான ஸ்பேனரால் இறுக்கும்போது வாஷர் மெல்ல நசுங்குவது கைக்குத் தெரியும். அது நசுங்கி நின்று கை கனக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அலுமினியச் சேம்பராக இருந்தால் கூடுதல் நிதானம் வேண்டும்.

ஃபில்டரையும் மாற்றிய பின், கையேட்டில் உள்ள அளவுக்குச் சற்றுக் குறைவாக ஆயில் ஊற்றி, என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததை உறுதிசெய்து, அணைத்துவிட்டு அடியில் பாருங்கள். காரை இறக்கிச் சமதளத்தில் நிறுத்திய பிறகே கேஜில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) அளவு பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். சரிவில் கேஜ் பொய் சொல்லும்.

பழைய ஆயிலைத் தகர டின்னில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதுவும் அபாயகரக் கழிவே. நம் ஓடைகளில் பல கீழே பவானியில்தான் சேர்கின்றன.

அன்றிரவு காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் துளி தெரிந்தால், பிளக்கை மேலும் இறுக்காமல், அது பிளக்கிலிருந்து வருகிறதா, ஃபில்டரிலிருந்து வழிந்ததா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.