ஸ்டெம் செல் எடுக்கும் மெஷின்: ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கு

காளியக்காவிளையில் பஸ் ஏறி தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். ரத்த வங்கியில் அபெரிசிஸ் பிரிவு, அதாவது ரத்தத்திலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் இடம். “ஆப்டியா நல்லதா அக்கா, அமிக்கஸ் நல்லதா?” என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் ரத்தத்தைச் சுழற்றி அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டிய அடுக்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் மெஷின்தான். விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு, உங்கள் நோயாளிகளை வைத்தே கணக்குப் போடுங்கள்.

காலையில் நோயாளியின் ரத்தத்தில் சிடி34 செல் (ஸ்டெம் செல்லை இந்தக் குறியை வைத்துத்தான் எண்ணுவோம்) ஒரு மைக்ரோலிட்டருக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மெஷின் வழியாக 12 லிட்டர் ரத்தம் ஓடினால் 24 கோடி செல் கடந்து போகிறது. பையில் 12 கோடி விழுந்தால் திறன் 50 சதவீதம். நோயாளி 60 கிலோ என்றால் கிலோவுக்கு 20 லட்சம். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பொதுவாகக் கேட்கிற குறைந்தபட்ச அளவு அது. அதே ஆளுக்குத் திறன் 40 சதவீதமானால் கிலோவுக்கு 16 லட்சம்தான். மறுநாளும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைக்கும் ஊசி, மறுநாளும் கிட் (மெஷினில் மாட்டும் புதுக் குழாய்த் தொகுப்பு), கூட வந்தவர்களுக்கு இன்னொரு நாள் லாட்ஜ் வாடகை.

ஒரு கேஸை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சிடி34 குறைவானவர்களையும் நிறைய உள்ளவர்களையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆப்டியாவில் எடுக்கும் விதம் இரண்டு உண்டு: ஒன்று செல்லைச் சிற்றறையில் சேர்த்துச் சேர்த்துப் பையில் தள்ளும், மற்றது விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதி, மூன்று மாதக் கேஸ் ஷீட்டை மறுபடி புரட்டியவள் நான்.

அப்புறம் பிளேட்லெட். ரத்தம் உறைய உதவும் இந்தச் சிற்றணுவும் கூடவே பைக்குள் போய்விடும். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எண்ணுங்கள். 90,000-இல் தொடங்கி 45,000-இல் முடிந்தால் மறுநாள் எடுக்க டாக்டர் தயங்குவார்.

கோப் ஸ்பெக்ட்ரா என்ற பழைய மெஷினில், சரியான அடுக்கு வருகிறதா என்று பார்க்க நிற அட்டையைக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, கண்ணால் பார்த்தே பிளாஸ்மா பம்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம். ஆப்டியாவில் அந்த வேலையைக் கேமரா செய்கிறது. இருந்தாலும் குழாயை எட்டிப் பார்க்கிற பழக்கத்தை விடாதீர்கள்.

குழந்தைகள் வருவார்கள் என்றால் கிட்டுக்குள் எவ்வளவு ரத்தம் நிற்கும் என்று கேளுங்கள். 15 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான். அதில் 200 மில்லி வெளியே போனால் தாங்காது. சிவப்பணுவால் கிட்டை முன்பே நிரப்ப வேண்டியிருக்கும்.

பாறசாலைப் பெரியவர் ஒருவர், “மக்ளே, உதட்டுல எறும்பு ஊருன மாதிரி இருக்கு” என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மெஷினில் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்ததும் சரியானார். அன்றிலிருந்து என் நோட்டில் இன்னொரு கட்டம்: எத்தனை முறை வேகம் குறைத்தோம், மொத்தம் எத்தனை மணி நேரம்.

விலை பேசும்போதே கிட் எந்த ஊரில் ஸ்டாக் இருக்கிறது, இன்ஜினியர் எங்கிருந்து வருவார் என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்கு ஒருமுறை, நோயாளி ஐந்து நாள் ஊசி போட்டு முடித்துக் கட்டிலில் படுத்திருக்க, கிட் கொச்சியில் இருந்தது.