பாலத்தைப் படமெடுக்கும்போது நீரை மறக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே நின்று கீழே தெரியும் ரயில் பாலத்தைப் படமெடுக்காத பயணிகள் குறைவு. அப்படங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கின்றன. நண்பகல் வெயிலில் வெளுத்த வானமும், அசைவற்ற நீலத் தகடாகக் கடலும், அதன் குறுக்கே ஒரு நூல்போலப் பாலமும் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, கடற்காற்றைத் தாங்கி நிற்கும் ஒரு கட்டுமானம் படத்தில் இப்படிச் சுருங்கிப்போவதற்குக் கேமராவின் விலையோ தரமோ காரணமல்ல. எடுப்பவர் பாலத்தை மட்டும் பார்த்தார், அதைத் தேவையாக்கிய நீரைப் பார்க்கவில்லை என்பதே காரணம். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் பல ஆண்டுகள் படமெடுத்ததில், பாலப் படங்களில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் தவறு கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. எந்த மாதத்தில் அந்த ஆற்றில் எவ்வளவு நீர் இருக்கும் என்று விசாரிக்காமல் புறப்பட்டுவிடுகிறோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகிறது. அணையின் இருப்பைப் பொறுத்து அந்நாள் முன்பின்னாக மாறுவதும் உண்டு. திருச்சிக் காவிரிப் பாலத்தையோ கல்லணையையோ மே மாதத்தில் படமெடுக்கப் போகிறவருக்கு மணல் திட்டுகளும் நாணலுமே பெரும்பாலும் கிடைக்கும். மணலும் ஒரு காட்சிதான், அதை எடுக்க வேண்டும் என்று எண்ணிப் போனால் நல்ல படமாகவே அமையும். ஆனால் நிறைந்த ஆற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வறண்ட ஆற்றின் முன் நிற்பவர், கிடைத்ததையும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்.

கடலோரத்தில் மாதத்தோடு காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாம்பன் பகுதி மீனவர்கள் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் அழைக்கிறார்கள். கச்சான் காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை வீசும் மாதங்களில் இந்நிலை மாறிவிடும். அலை வேண்டுமா, அமைதியான நீர் வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற பக்கத்தையும் பருவத்தையும் தேர்ந்தெடுப்பது எந்த லென்ஸை வாங்குவதைவிடவும் பெரிய பயன் தரும்.

பழைய படங்களை நம்பிப் போவதும் இதே வகைத் தவறுதான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி, இருபுறமும் கைகளை உயர்த்துவதுபோல் இரண்டு பிரிவாகத் திறக்கும்படி அமைந்திருந்தது. அதில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி முழுவதும் கிடைமட்டம் மாறாமல் 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலேறுகிறது. இரண்டும் வெவ்வேறு வடிவங்கள், ஒன்றுக்காக வகுத்த கோணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. மேலும், கப்பலோ படகுகளோ கடந்து செல்லும்போது மட்டுமே அந்தப் பகுதி உயர்த்தப்படுகிறது என்பதால், போன அன்றே அதைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது ஏமாற்றத்திலேயே முடியும்.

ஒளியைப் பற்றிச் சொல்லும்போது, காலையும் மாலையும் நல்லது என்ற பொதுவிதியோடு நின்றுவிடுகிறோம். பாலம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதை அறியாமல் அந்த விதி பாதிதான் உதவும். பாம்பன் பாலம் மண்டபத்திலிருந்து தீவை நோக்கி ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதால், உதயச் சூரியன் பாலத்தின் பக்கவாட்டில் அல்லாமல் கிட்டத்தட்ட அதன் நீளத்தின் வழியிலேயே எழுகிறது. அதிலும் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. நம் பகுதியில் டிசம்பர் இறுதியில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கேயும், ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கேயும் உதிக்கிறது. ஆகவே, தைமாதத்தில் தூண்களின் ஒரு பக்கத்தில் படியும் காலை ஒளி, ஆடியில் மறுபக்கத்துக்குப் போய்விடும்.

வளைவுகளைக் கொண்ட பழைய பாலங்களில் நண்பகல் ஒளி செய்யும் கேடு இன்னும் பெரியது. திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் 1843இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாலத்தின் அழகெல்லாம் அதன் வளைவுகளில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு நேராக வருவதால், மேல்தளம் வெளுத்தும் வளைவுகளின் உட்புறம் கரும் பொந்துகளாகவும் பதிகின்றன. சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில்தான் ஒளி வளைவுக்குள் சாய்வாக நுழைகிறது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி உட்கூரையில் நெளிந்தாடுவதையும் அப்போது பார்க்கலாம். அந்த நெளிவைப் பிடித்த ஒரு படம், பாலம் முழுவதையும் அடக்கிய பத்துப் படங்களுக்கு ஈடாகும் என்பது என் கருத்து.

சூரியன் மறைந்ததும் முக்காலியை மடக்கிவிடுவது மற்றொரு தவறு. வானம் கருநீலமாகி விளக்குகளின் ஒளியோடு சமநிலைக்கு வரும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் நிலப்பகுதியில் சூரியன் செங்குத்தாகச் சரிந்து மறைவதால் அந்தி மிகக் குறுகியது; முதற்கட்ட அந்தி ஏறத்தாழ 22 நிமிடங்களில் முடிந்துவிடும். ஐரோப்பிய ஒளிப்படக்காரர்கள் எழுதும் நேரக் கணக்குகளை நம்பி நிதானமாக இடம் தேடினால், இடம் கிடைக்கும்போது வானம் இருண்டிருக்கும்.

பிரதிபலிப்பில்தான் மிகுதியான தவறுகள் நேர்கின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கை மட்டுமே திருப்பி அனுப்பும். பார்வை தாழத் தாழ அந்தப் பங்கு கூடி, நீர்ப்பரப்பை ஒட்டிய கோணத்தில் அது கண்ணாடிபோல் ஆகிவிடும். பாலத்தின் மேல் நின்று பிரதிபலிப்பைத் தேடுகிறவர் ஏன் ஏமாறுகிறார் என்பதற்கு இதுவே விடை. படித்துறையின் கடைசிப் படியில் அமர்ந்து, கேமராவை நீர்மட்டத்துக்கு ஒரு முழ உயரத்துக்குள் தாழ்த்திப் பாருங்கள். அதே ஆறு வேறாகத் தெரியும். கடற்காற்று முற்பகலில் எழத் தொடங்குமுன், விடியலை ஒட்டிய வேளையில் போவது நல்லது. சிற்றலை எழுந்துவிட்டால் பிரதிபலிப்பு மேலும் கீழுமாக நீண்டு சிதறும். அதுவும் அழகுதான் என்றாலும், வளைவும் அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து முழுவட்டமாகும் காட்சி அப்போது கிடைக்காது.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த பிரதிபலிப்பை, லென்ஸின் முன் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரால் தாமே அழித்துவிடுகிறவர்களும் உண்டு. நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது அந்த ஃபில்டர் பிரதிபலிப்பை மிகுதியாக அகற்றும். நீருக்கடியில் உள்ள கூழாங்கற்களைக் காட்ட அது சிறந்த கருவி, பாலத்தின் பிரதிபலிப்பைக் காட்ட விரும்பும்போது பகைவன். அதை எப்போதும் லென்ஸில் மாட்டியே வைத்திருக்காமல், வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எது வேண்டும் என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டும்.

நீர்க்காட்சியில் சாய்ந்த படத்தைப் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். ஏனெனில் நீர் சரிந்து நிற்பதில்லை. கடலில் தொடுவானத்தை வைத்துச் சரிபார்ப்பது எளிது. ஆற்றில் எதிர்க்கரையைத் தொடுவானமாக எண்ணி மட்டப்படுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. ஆறு வளைந்தோ நாம் சாய்வாக நின்றோ இருந்தால், கரைக்கோடு இயல்பாகவே படத்தில் சாய்ந்துதான் தெரியும். அதை நேராக்கினால் பாலம் சாய்ந்துவிடும். நம்பகமான அளவுகோல் வேறொன்று இருக்கிறது. அமைதியான நீரில் எந்தப் பொருளின் பிரதிபலிப்பும் அதற்கு நேர் கீழேயே விழும். ஒரு தூணின் உச்சியையும் நீரில் தெரியும் அதன் உச்சியையும் இணைக்கும் கற்பனைக் கோடு, குறிப்பாகப் படத்தின் நடுப்பகுதியில், செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் வேறொரு சிக்கல் எழுகிறது. பரளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து பாசன நீரைக் கொண்டுசெல்லும் அந்தத் தொட்டி, 115 அடி உயரத்தில் தூண்களின்மேல் நிற்கிறது. பலர் மேலே நடைபாதையில் நடந்து, தொட்டிக்குள் ஓடும் நீரையும் தூரத்துத் தென்னந்தோப்பையும் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பாலத்தின் உயரம் ஆற்றங்கரைக்கு இறங்கினால்தான் விளங்கும். இறங்கியவர்களோ தூணுக்கு அடியிலேயே நின்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறார்கள். தூண்கள் உச்சியில் நெருங்கிப் பின்னோக்கிச் சாய்கின்றன. சற்று விலகிப் போய், கேமராவை நேராகப் பிடித்து, முன்னிலத்துக்கு ஆற்றையும் பாறைகளையும் அனுமதித்தால் தூண்கள் நிமிர்ந்து நிற்கும்.

பாம்பனில் நிலைமை நேர்மாறானது. அங்கே நீளமே சிக்கல் என்பதால், அகன்ற கோண லென்ஸ் பாலத்தை மெலிய வைக்கிறது. கரையோரமாகப் பாலத்தின் முனைக்கு அருகே நின்று, 200 மில்லிமீட்டர் அளவிலான தொலைநோக்கு லென்ஸால் அதன் போக்கிலேயே பார்த்தால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி அடுக்கப்பட்டதுபோல் தெரியும். ஒரு வள்ளம் குறுக்கே வரும்வரை காத்திருந்தால் பாலத்தின் அளவும் விளங்கிவிடும்.

நீண்ட நேர ஒளிப்பதிவுக்குப் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை, அதாவது ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியை, மாட்டினால் 1/60 விநாடியில் பதியும் படத்துக்கு ஏறத்தாழ 17 விநாடி தேவைப்படுகிறது. அந்த நேரம் முழுவதும் கேமரா அசையக் கூடாது. பாலத்தின் மேல்தளத்தில் முக்காலியை வைத்து ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். பேருந்து கடக்கும்போதெல்லாம் தளம் அதிர்ந்து, ஒரு படம்கூடத் தெளிவாக வரவில்லை. முக்காலியின் இடம் கரைதான். எல்லா நீரையும் பாலாக வழிய விடவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதகில் சீறி வரும் நீரின் வலிமை 1/4 விநாடிக்குள்ளேயே நன்றாகத் தெரியும்.

கடலோரத்தில் உப்புத்திவலை லென்ஸில் படியும். அதைச் சட்டைத் துணியால் உடனே துடைப்பது கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி மணலைப் போக்கி, பிறகு ஈரமான மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

படத்தைவிடப் பெரிய இழப்பைத் தரக்கூடிய தவறுகளும் உண்டு. ரயில் பாலத்தின் தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நீண்ட பாலத்தின் நடுவே ரயில் வந்துவிட்டால் ஒதுங்க இடம் தேடித் தவிக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காவிரியில் வெள்ளம் பெருகும்போது உபரிநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்துவிடப்படுகிறது. அப்போது நடு ஆற்று மணல்திட்டில் முக்காலி வைத்து நிற்பவருக்கு நீர்மட்டம் உயர்வது, திரும்பும் வழி மூழ்கிய பிறகே தெரியவரும். நீர் திறப்பு அறிவிப்பு வந்த நாளில் கரையைவிட்டு இறங்கவே கூடாது. பாம்பனில் ட்ரோன் பறக்கவிட நினைப்பவர், அருகே உச்சிப்புளியில் கடற்படை வான்தளம் இருப்பதை நினைவில் கொண்டு, அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து உரிய அனுமதி பெற்ற பிறகே அதை வெளியே எடுக்க வேண்டும்.

படித்துறையில் குளிப்பவர்களையும் துணி துவைப்பவர்களையும் காட்சியின் ஓர் உறுப்பாகக் கருதித் தொலைவிலிருந்து எடுத்துவிடும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. குளிக்கும் இடம் அவர்களுடைய தனிமைக்குரிய இடம். அங்கே கேமராவைத் திருப்பவே கூடாது. வலை உலர்த்தும் ஒருவரையோ பரிசல் செலுத்துபவரையோ எடுக்க விரும்பினால், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அருகே சென்று, ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்டுவிடலாம். வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும். சம்மதித்துவிட்டால், எந்த நேரத்தில் காற்று அடங்கும், எந்தத் திட்டில் ஆழம் குறைவு, எங்கே நின்றால் பாலம் முழுதும் நீரில் தெரியும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.