சொந்த வீட்டுச் சோலைவரியைக் குறைப்பது எப்படி?

கனடாவின் சில மாகாணங்களில், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஆதன வரியில் தனிச் சலுகை உண்டு. அங்குள்ள உறவினர் சொல்லக் கேட்டு, இங்கே இலங்கையிலும் அதற்கொரு படிவம் இருக்குமென்று மாநகர சபைக்குப் போகிறவர்கள் உண்டு. நம் உள்ளூராட்சிச் சட்டங்களில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ காத்தான்குடியிலோ வீடு வைத்திருப்பவர் சோலைவரியை, அதாவது உள்ளூராட்சி சபை அறவிடும் ஆதன வரியை, குறைக்கச் சில வழிகள் இருக்கின்றன. கேட்காதவருக்கு அவை கிடைப்பதில்லை.

முதலில் வரி அறிவித்தலை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வரி இலக்கம், வருடாந்தப் பெறுமதி, வரி வீதம். வருடாந்தப் பெறுமதி என்பது வீட்டை விற்றால் வரும் விலை அல்ல. வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் நியாயமாக ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு. அதில் இத்தனை வீதம் என்று சபை தீர்மானிப்பதுதான் வரி. பிரதேச சபை எல்லைக்குள் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடங்கள் செறிந்த பகுதியென்று பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில்தான் சோலைவரி அறவிடலாம். பயிர்ச்செய்கைக் காணிக்குரிய ஏக்கர் வரி வேறு.

1. தை மாதக் கழிவு

இதுதான் எல்லோருக்கும் கிடைக்கக்கூடியது. முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10% கழிவு. காலாண்டாகக் கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் முடிவதற்குள் கட்டினால் 5%.

உதாரணத்துக்கு, வருடாந்தப் பெறுமதி 30,000 ரூபா, வீதம் 8% என்று வையுங்கள். வரி 2,400. ஜனவரியில் மொத்தமாகக் கட்டினால் 2,160. காலாண்டுக்கு 600 என்பது கழிவோடு 570, நான்கு தடவைக்கு 2,280.

தை மாதம் நம் பக்கத்தில் கையில் காசு தங்காத மாதம். மழை, வெள்ளம், பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வரும். டிசம்பரிலேயே இந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள். பழைய நிலுவை இருந்தால், கட்டும் காசு முதலில் அதற்கே போகும், கழிவும் கைநழுவும். ஆகவே சிறாப்பரிடம் (சபையின் காசாளரிடம்) காசை நீட்டுமுன் நிலுவை விபரத்தைக் கேளுங்கள்.

2. வீடு வீடாகத்தான் பதிவாகியிருக்கிறதா?

பல சபைகளில் குடியிருப்புக்கு ஒரு வீதம், வியாபாரத்துக்கு அதைவிடக் கூடிய வீதம். முன் விறாந்தையில் ஒரு காலத்தில் தையல் கடை நடந்திருக்கும். கடை மூடிப் பல வருடமாகியும் பதிவேட்டில் 'வியாபாரம்' என்றே கிடக்கும். பயன்பாடு மாறிவிட்டதென்று எழுதிக் கொடுங்கள். மாநகர சபையென்றால் ஆணையாளருக்கும், நகர சபை, பிரதேச சபையென்றால் செயலாளருக்கும் எழுத வேண்டும். வருமானப் பரிசோதகர் பார்க்க வரும்போது விறாந்தையில் பழைய பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருந்தால் கடிதம் எடுபடாது.

3. பெறுமதி கூடிப்போனால் ஆட்சேபம்

புதிய மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பலர் தவறுவது இந்தத் திகதியைத்தான். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வருவது கணக்கில் வராது.

கடிதத்தில் வரி இலக்கம், வீதி, வட்டாரம், இப்போதைய பெறுமதி, நீங்கள் நியாயமென்று கருதும் பெறுமதி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பிறகு காரணம். காணி விலை, குடும்பக் கஷ்டம் பற்றி இங்கே எழுதிப் பிரயோசனமில்லை. கணக்கு வாடகையை வைத்துத்தான் என்பதால் வாடகையைப் பற்றியே எழுதுங்கள்: அதே ஒழுங்கையில் இதேயளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது, கூரை ஓடா சீற்றா, எத்தனை சதுர அடி, வெள்ளத்தில் இடிந்த குசினி இன்னும் கணக்கில் இருக்கிறதா. படங்களை இணையுங்கள். ஒரு பிரதியில் சபையின் திகதி முத்திரையைப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். முடிவு வரும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்துவது புத்தியல்ல. பிந்தினால், நிலுவையை அறவிடச் சபை பிறப்பிக்கும் வாறண்டின் செலவும் சேரும்.

வறுமை காரணமாகக் கட்ட முடியாதவர்கள் அதைத் தனிக் கடிதமாக, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு கொடுப்பது நல்லது. அது சபையின் தீர்மானத்தில் தங்கியது.

4. பெயர் மாற்றம்

நம் ஊரில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். வரிப் பதிவேட்டிலோ காலஞ்சென்ற அம்மம்மாவின் பெயரே நிற்கும். அப்படியானால் மேலே சொன்ன கடிதத்தை நீங்கள் கொடுத்தாலும், 'உரிமையாளர் நீங்களா?' என்ற கேள்வியில் அது நின்றுவிடும். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டைப் பிரதி, கடைசிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு முதலில் பெயரை மாற்றுங்கள். உறுதி இல்லாத அரச காணியென்றால் அனுமதிப்பத்திரத்தை அல்லது அளிப்புப் பத்திரத்தைக் கொண்டுபோங்கள். வரிப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் காணி உங்களுடையதாகிவிடாது.

பணம் கட்டியதும் கவுண்டரை விட்டு நகராமல் பற்றுச்சீட்டில் வரி இலக்கத்தையும் காலாண்டையும் வாசித்துப் பாருங்கள். 12/1க்குப் பதிலாக 12 என்று விழுந்தால் உங்கள் காசு பக்கத்து வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கும்.