அறைச் சுவரில் தலைகீழ் உலகம்: ஊசித்துளை கேமரா அமைப்பது எப்படி?

ஜன்னலை முழுக்க அடைத்து ஒரே ஒரு துளை விட்டால், வெளியே இருக்கும் மரமும் கட்டடமும் வானமும் எதிர்ச்சுவரில் வண்ணத்தோடு தலைகீழாக விழும். லென்ஸ் தேவையில்லை. ஒளி நேர்கோட்டில்தான் போகும். மர உச்சியிலிருந்து இறங்கி வரும் கதிர் துளையைத் தாண்டிச் சுவரின் கீழ்ப்பகுதியில் விழுகிறது, மரத்தடியிலிருந்து ஏறி வருவது மேலே போகிறது.

முதல் முறை செய்யும்போது ஒன்றுமே தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் கசியும் வெளிச்சம்தான் காரணம். திரைச்சீலை போதாது. அலுமினியத் தாளையோ கறுப்பு பாலித்தீனையோ ஜன்னல் சட்டத்தின்மேல் டேப்பால் ஒட்டுங்கள். கதவின் அடி இடுக்கில் துணியைச் செருகுங்கள். சார்ஜரின் சின்ன விளக்கைக்கூட மூடிவிடுவது நல்லது.

துளையை நேரடியாகக் கெட்டி அட்டையில் போடாதீர்கள். அட்டையின் தடிமன் குழாய்போல் நின்று ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் கதிர்களை மறைக்கும். அட்டையில் 5 செ.மீ. சதுரம் வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, தாளில் துளையிட்டு, அட்டையை ஜன்னல் மறைப்பில் விட்ட திறப்பின்மேல் பொருத்துங்கள். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் 10 மி.மீ. விட்டத்தில் தொடங்கலாம். 5 மி.மீ. ஆக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 20 மி.மீ. ஆனால் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், படமோ குழைந்துவிடும். தாளில் தெரியாமல் இன்னொரு ஓட்டை விழுந்திருந்தால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும்.

வெயில் காட்சியின் மேல் அடிக்க வேண்டும், உங்கள் துளையின் மேல் அல்ல. ஆகவே மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் காலை, கிழக்குப் பார்த்ததற்கு மாலை. உள்ளே போனதும் 10 நிமிடமாவது இருட்டில் பொறுத்திருங்கள். கண் பழகப் பழகத்தான் நிறங்கள் எழும்பும். படத்தின் அளவையும் முன்பே கணக்கிடலாம்: 30 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் உயரக் கட்டடம், 3 மீட்டர் தள்ளிய சுவரில் 1 மீட்டர் உயரத்துக்கு விழும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்தால் மேல்கீழ் மட்டுமே மாறியிருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபோது இடப்பக்கம் தெரிந்த மரம் இங்கும் இடப்பக்கமே இருக்கும். அதனால் பெயர்ப்பலகை எழுத்துகளைத் தலையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் படிக்க முடியாது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு முகக்கண்ணாடியை மூக்குக்குக் கீழே, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி கிடையாகப் பிடித்து, அதற்குள் சுவரைப் பாருங்கள்: காட்சி நிமிர்ந்து, எழுத்தும் நேராகிவிடும். சுவருக்குப் பதில் நடுவே டிரேசிங் தாளைத் தொங்கவிட்டு அதன் பின்னாலிருந்து ஜன்னல் பக்கம் பார்த்தால் மேல்கீழ், இடவலம் இரண்டுமே மாறும்; அதைப் படமெடுத்து அரைவட்டம் சுழற்றினாலே போதும்.

படமெடுக்க, செல்போனை ஸ்டாண்டில் வைத்து மேனுவல் முறையில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 10 நொடி எனத் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள்.

நம் கண்ணுக்குள்ளும் பிம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது; 1604இல் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் இதை விளக்கினார். சோதிக்க ஓர் அட்டையும் குண்டூசியும் போதும். அட்டையில் ஊசியால் குத்தி, கண்ணிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பாருங்கள் (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்). குண்டூசியைத் தலை மேலாக, அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே, இமையில் படாமல் மெல்ல உயர்த்துங்கள். ஊசி மேலிருந்து தலைகீழாக இறங்கி வருவதுபோல் தெரியும். இவ்வளவு அருகில் இருப்பதால் விழித்திரையில் விழுவது ஊசியின் நிமிர்ந்த நிழல். மூளை வழக்கம்போல் அதையும் புரட்டிவிடுகிறது.