சட்டத் திருத்தச் செய்திகள் தாமதமாக வந்த குறையைத் தீர்த்த விதம்

யாழ்ப்பாணத்தில் சட்ட நூலகம் ஒன்றைப் பராமரிக்கும் எனக்கு, சட்டத் திருத்தங்களின் அச்சுப் பிரதிகள் தாமதமாக வந்து சேர்வதே நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தொடர்பான வழக்குகள் மிகுந்த இவ்வூரில் அது சிறிய குறையன்று. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பழைய பிரதியை மட்டும் ஒரு சட்டத்தரணி பார்த்தால், தேடியதேட்டத்தின் (திருமண வாழ்வின்போது தேடிய சொத்தின்) வரைவிலக்கணம் 1947இல் மாற்றப்பட்டதை அவர் அறியவே முடியாது.

ஆகவே, கொழும்பிலும் பேராதனையிலும் பணியாற்றும் நூலகர்களுடன் ஒரு வாட்ஸ்அப் குழுவை அமைத்தேன். ஒருவர் அரசிதழான வர்த்தமானியையும், இன்னொருவர் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தையும், வேறொருவர் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் கவனிப்பதெனப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டோம். தேசவழமை பற்றிய வினாக்கள் என்னிடம் வருகின்றன. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆயினும் முதலில் செய்திகள் குவிந்தனவேயன்றிப் பயன்படவில்லை, ஏனெனில் சட்டமூலம் (நாடாளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத சட்ட வரைவு) வெளியானதையே சட்டம் மாறிவிட்டதாகச் சிலர் எழுதினர். சபாநாயகரின் சான்றுரை பெற்ற பின்னரே சட்டமூலம் சட்டமாகிறது. சில சட்டங்களோ அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் திகதியிலேயே நடைமுறைக்கு வருகின்றன. எனவே ஒவ்வொரு செய்தியிலும் சட்டத்தின் இலக்கம், ஆண்டு, திருத்தப்பட்ட பிரிவு, சான்றுரைத் திகதி, நடைமுறைக்கு வரும் திகதி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டுமென விதித்தோம். இந்த ஒழுங்குதான் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது.

இப்போது செய்தி கிடைத்ததும் உரிய நூலின் பக்கத்தில் திருத்தக் குறிப்புத் தாளை இணைத்துவிடுகிறேன். அச்சுப் பிரதி பின்னர் வந்து சேர்கிறது.