குடுவைக்குள் ஒரு குளம்: ஆற்றல் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கொஞ்சம் குளத்து நீர், அடியில் சேறு, ஒரு கொத்து நீர்ச்செடி, இரண்டு நத்தை, இறுக்கமான மூடி. மூடிய குடுவைச் சூழலுக்கு இவ்வளவுதான் தேவை. இதைப் புதிதாகச் செய்து பார்ப்பவர்களோடு சில வாரங்களாக உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். குழாய் நீரின் குளோரின், இறுகாத மூடி போன்றவை ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

"எல்லாம்தான் சுழற்சியாச்சே!"

இதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், நானே சொன்ன வசனம் இது.

என் முதல் குடுவையை ஜன்னலுக்குத் தள்ளி, புத்தக அலமாரியில் வைத்தேன். வெளிச்சம் போதும் என்றுதான் தோன்றியது. நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்ளும், இலைக்கு அந்த வித்தை தெரியாது. நத்தை விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் நத்தைக்கு, கழிவு பாக்டீரியா வழியாக மறுபடி செடிக்கு. அப்புறம் வெளியிலிருந்து எதற்கு என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் செடி வெளிறி, மெலிந்து நீண்டது. சத்துக் குறைவு என்று முடிவுகட்டி, மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி மக்கிய உரத்தைப் போட்டேன். மறுநாளே நீர் பால்போலக் கலங்கியது. நத்தைகள் நீருக்கு மேலே ஏறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. அந்த வாரமே அழுகிய முட்டை வாடை. மொத்தமும் போயிற்று.

சுற்றி வருவது பொருள்தான். அதே கார்பனும் நைட்ரஜனும் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றல் அப்படியில்லை. ஒளியாக உள்ளே வரும், சர்க்கரையாகச் சேரும், ஒவ்வொரு உயிரும் சுவாசிக்கும்போது வெப்பமாகக் கழியும், கண்ணாடி வழியே வெளியேறும். அந்த வெப்பத்தைப் பிடித்து மறுபடி சர்க்கரை செய்ய எந்த உயிராலும் முடியாது. அதனால் ஒளி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

உரம் செடிக்கு உணவு என்று சொல்லிப் பழகியதும் ஒரு வினை. உரத்திலிருந்து செடிக்குக் கிடைப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற பொருள்கள். அதன் உணவு ஒளியில் அதுவே சமைப்பது. மக்கிய உரத்துக்குள் ஆற்றல் இருக்கிறதே என்றால், சரி, இருக்கிறது. ஆனால் அது பாக்டீரியாவுக்கான விருந்து. அவை தின்று பெருகும்போது நீரிலிருந்த ஆக்சிஜனையும் சேர்த்து முடித்துவிட்டன.

பெரிய ஆட்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சுமார் 1.3 ஹெக்டேரில் எழுப்பிய கண்ணாடிக் கூடமான பயோஸ்பியர் 2-க்குள் 1991-இல் 8 பேர் போய் மூடிக்கொண்டார்கள். மண்ணில் மட்கு அதிகம். நுண்ணுயிரிகள் அதைத் தின்றதில், ஏறக்குறைய 21% இருந்த ஆக்சிஜன் 14% அருகே இறங்கியது. அவை விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைச் செடிகளுக்குக் கிடைக்கவிடாமல் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தவேண்டியதாயிற்று.

"ஒரு மீன் மட்டும் விடட்டுமா?"

வேண்டாம்.

பத்து சதவீதத்தைச் சட்டமாக்குவது

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு, அதாவது செடியிலிருந்து அதைத் தின்னும் நத்தைக்கு என்பதுபோல, ஆற்றலில் சுமார் 10% போகிறது என்பது தோராயம்தான். அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மன் 1942-இல் ஏரிகளை வைத்து எழுதிய கட்டுரையிலேயே படிக்குப் படி விகிதம் மாறுகிறது. ஆனாலும் கால்குலேட்டரோடு வந்து, "இத்தனை கிராம் செடிக்கு இத்தனை நத்தை" என்று வகுப்பவர்கள் உண்டு. நத்தை தின்றதில் பெரும்பகுதி நகரவும் உயிரோடு இருக்கவும் செலவாகிறது, ஒரு பகுதி கழிவாகிறது என்பது புரிந்தால் போதும். இரண்டு நத்தையோடு நிறுத்துங்கள்.

"செடி இரவில் மட்டும்தான் சுவாசிக்கும்"

பகலிலும் சுவாசிக்கும்.

"ஆழ்கடலில் ஒளியே இல்லாமல் வாழ்கிறதே!"

அலமாரியை விட மனமில்லாதவரின் கடைசி வாதம் இது. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டங்களைக் கண்டது உண்மைதான். அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன. ஆனால் ஊற்றிலிருந்து அது ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் ஆற்றல் வெளியிலிருந்துதான். இன்னொன்று, அந்தச் சல்பைடை எரிக்க அங்குள்ள பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், மேலே வெயிலில் எங்கோ ஒரு பாசியோ செடியோ விட்டது.