விருந்தாளியிடம் இங்கிலீஷில் ‘சாரி’ சொல்வது எப்படி?

ஏப்ரல், மே சீசன் வந்துவிட்டால், குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் நான் வாட்ஸ்அப்பில் அதிகம் தட்டுகிற வார்த்தை ‘சாரி’தான். ஒன்று வெந்நீர் வராது, இல்லை கரண்ட் போயிருக்கும், இல்லை மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகள் நின்றிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ‘சாரி சார்’ போட்டு ஒப்பேற்ற முடியாது. ரூம், டாக்சி, கடை நடத்துகிற நம்ம ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: தொந்தரவுக்கு முன்னாலா, பின்னாலா?

கதவைத் தட்டும்போதும், பேச்சில் குறுக்கிடும்போதும், மார்க்கெட் கூட்டத்தில் விலகச் சொல்லும்போதும் ‘எக்ஸ்கியூஸ் மீ’. காலை மிதித்த பிறகு ‘சாரி’. லேசாக உரசிவிட்டால் அமெரிக்கர்கள் பலர் ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘சாரி’ என்பார்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: தப்பு யாருடையது?

மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாகும். விருந்தாளி வந்து புலம்புவார். மண்ணை நீங்களா சரித்தீர்கள்? ‘ஐ ஆம் சாரி டு ஹியர் தட்’ போதும். அது அனுதாபம் மட்டுமே. அதையே உங்கள் கீசர் ஓடாதபோது சொன்னால், யார் வீட்டு கீசரோ என்பது போல இருக்கும். அங்கே ‘ஐ ஆம் சாரி அபவுட் தி கீசர்’ என்று சொல்ல வேண்டும்.

இ-பாஸ் விஷயத்தில் இரண்டுக்குமே இடம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது தேவை. பாஸ் இருந்தும் செக்போஸ்ட் வரிசையில் காத்துக் கிடந்துவிட்டு வருகிறவரிடம் ‘ஐ ஆம் சாரி யூ ஹாட் டு வெயிட்’ எனலாம். புக்கிங்கின்போது பாஸைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை என்றால் கதை வேறு: ‘ஐ ஆம் சாரி. ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யூ அபவுட் தி இ-பாஸ்.’ இந்த ‘ஷுட் ஹாவ்’ வந்ததும் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

மூன்றாம் படி: ‘சாரி’க்குப் பின்னால் என்ன?

எனக்கு வெகுநாள் தகராறு கொடுத்த இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

பொருளோ நிலைமையோ என்றால் ‘அபவுட்’: சாரி அபவுட் தி நாய்ஸ். நாம் செய்து முடித்த காரியம் என்றால் ‘ஃபார்’ போட்டு வினையோடு ‘இங்’: சாரி ஃபார் கமிங் லேட். இப்போதுதான் செய்கிறோம், அல்லது செய்யப் போகிறோம் என்றால் ‘டு’: சாரி டு டிஸ்டர்ப் யூ. ‘தாமதம்’ மாதிரி சில சொற்களுக்கு ‘ஃபார் தி டிலே’, ‘அபவுட் தி டிலே’ இரண்டும் சரி.

ஆனால் ‘ஐ ஆம் சாரி ஃபார் யூ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது’ என்று பொருள். காசு கொடுத்துத் தங்குகிறவரிடம் சொல்கிற பேச்சா அது?

நான்காம் படி: ‘அபாலஜைஸ்’ எப்போது?

கடிதம், ரிவியூவுக்குப் பதில், பணம் திருப்பித் தருகிற பிரச்சினை, இங்கெல்லாம். ஆளுக்கு ‘டு’, காரியத்துக்கு ‘ஃபார்’: ஐ அபாலஜைஸ் டு யுவர் ஃபேமிலி ஃபார் தி மிக்ஸப். ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ வேண்டவே வேண்டாம். அதை ரயில்வே அறிவிப்புக்கே விட்டுவிடுவோம். ‘சாரி இஃப் யூ ஃபெல்ட் பேட்’ அதைவிட மோசம், தப்பு நடந்ததா என்றே சந்தேகப்படுகிற தொனி. ‘சாரி, பட்’ என்று ஆரம்பித்தாலும் சண்டைதான். சாரிக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: தி பிளம்பர் வில் பி ஹியர் பை டென்.

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி இதையெல்லாம் அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. நாலைந்து வாக்கியங்களைச் சரிபார்த்து வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாகச் சேமித்துவிட்டேன், சாய்வுக்கோடு தட்டினால் வந்து நிற்கும். உச்சரிப்புக்கு கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதி நல்லது, பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், போனில் பேசுவது காதில் விழாவிட்டால் என்ன சொல்வது என்று கமெண்டில் கேட்டிருந்தார். ‘வாட்?’ வேண்டாம் அண்ணா. குரலைக் கடைசியில் உயர்த்தி ‘சாரி?’ அல்லது ‘பார்டன்?’ என்றால் திரும்பச் சொல்வார்கள்.

இன்னொரு அக்கா கேட்டது: விருந்தாளி வீட்டில் துக்கம் என்று பாதியில் கிளம்பினால்? ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்.’ இங்கே ‘ஃபார்’தான் சரி. அட்வான்ஸ் கணக்கை அந்த மெசேஜிலேயே பேசாதீர்கள், மறுநாள் தனியாக அனுப்பலாம்.